மணலில் விழும் கோடு

ஜனவரி 9

ஸ்கூபா பயிற்சிப் பள்ளியின் தலைமைப் பயிற்சியாளர் அவர்களுக்கு,

இது வாடிக்கையாளர் கடிதம். தங்கை எழுதிவிட்டாள் என்று சந்தோஷப்பட வேண்டாம். உன் நம்பரை மூன்று வருடம் முன்னால் என் போனில் தடுத்து வைத்தேன், அது அப்படியேதான் இருக்கும். எனக்கு ஒரு ஜோடி ஃபின் வேண்டும். கடைகளில் நிறம் நிறமாக எடுத்துப் போடுகிறார்கள், எது எதற்கு என்று ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. காலில் மாட்டுகிற இந்தத் துடுப்பு விஷயத்தில் உன்னைவிட விவரம் தெரிந்த ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை. இதை எழுத எனக்கு எவ்வளவு எரிச்சலாக இருக்கிறது என்று உனக்கே தெரியும்.

நான் இப்போது ஒரு மீன்காட்சியகத்தில் வேலை பார்க்கிறேன். பெரிய தொட்டி, மூன்று ஆள் ஆழம். தினமும் காலையில் சிலிண்டரை மாட்டிக்கொண்டு இறங்கி, பார்வையாளர்கள் பார்க்கிற சுவரை உள்ளே இருந்து பஞ்சால் துடைக்க வேண்டும். கண்ணாடிச் சுவர் என்று சொல்கிறோமே தவிர அது அக்ரிலிக். உலோகம் பட்டால் கோடு விழும், விழுந்தது லேசில் போகாது. சுவருக்கு எதிரே சிமெண்டில் செய்த பவளப்பாறை. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற சந்தில் திரும்ப இடமில்லை, திரும்பினால் முதுகில் இருக்கும் சிலிண்டர் சுவரில் இடிக்கும். அதனால் துடைத்து முடித்ததும் முகத்தைச் சுவர்ப் பக்கமே வைத்துக்கொண்டு பின்னால் வர வேண்டும். கீழே மாவு மாதிரி மணல். அது கலங்கினால் வெளியே நிற்கிற குழந்தைகளுக்கு ஒரு மணி நேரம் ஒன்றுமே தெரியாது.

இங்கே எனக்குக் கொடுத்திருப்பது பலகை நடுவில் பிளந்த ஃபின். முன்னே போக நன்றாகத்தான் இருக்கிறது, பின்னே வர உதவவில்லை. ஜூன் கடைசியில் வருடாந்தரத் தேர்வு. மணலுக்கு ஒரு சாண் உயரத்தில் மிதந்தபடி இரண்டு மீட்டர் பின்னால் வந்து காட்ட வேண்டும். முடியாவிட்டால் தண்ணீருக்குள் வேலை கிடையாது. தண்ணீரை விட்டால் எனக்கு வேறு என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியும்.

கால் அளவு கேட்டு பதில் போடாதே. நம் வீட்டில் எல்லோருக்கும் ஒரே அளவு.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்


ஜனவரி 21

வாத்துக்கு,

உறையில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் ஆபீஸ் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். உன் அண்ணி எட்டிப் பார்த்து, “என்னங்க, யாராவது கேஸ் போட்டுட்டாங்களா?” என்றாள். “அதவிடப் பெருசு, தங்கச்சி லெட்டர் போட்டிருக்கா” என்றேன். வாடிக்கையாளர் என்று எழுதிவிட்டால் நான் மரியாதையாகப் பேசுவேன் என்று நினைத்தாயா?

பெட்டியில் இருப்பது முழுக்க ரப்பர். பலகை குட்டை, அகலம், விறைப்பு. கையில் எடுத்தால் என்ன இப்படிக் கனக்கிறது என்பாய். கனம்தான் வேண்டும், கால் மேலே மிதக்காது. நீளமான ஃபின் மூச்சை அடக்கிக்கொண்டு இறங்குகிறவர்களுக்கு. உன் சந்தில் அது ஏணியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் நடக்கிற கதையாகிவிடும். குதிகாலில் நாடாவுக்குப் பதிலாக ஸ்பிரிங் போட்டிருக்கிறேன், இழுத்து விட்டால் போதும்.

முதலில் தவளை உதையைச் சரி செய். கால்களை மாற்றி மாற்றி மேலும் கீழும் அடித்தால் தண்ணீர் கீழே தள்ளப்படும், மணல் எழும்பும். தவளை உதையில் முழங்காலை மடக்கி, ஃபின் இரண்டையும் உடம்பு மட்டத்துக்கு மேலே வைத்து, உள்ளங்காலை வெளியே திருப்பி, பின்னால் சேர்த்துத் தள்ளு. தள்ளிவிட்டுச் சும்மா இரு. உனக்கு அந்தச் சும்மா இருப்பதுதான் வராது.

பின்னால் வருவது இதற்கு நேர் தலைகீழ். கால்களை நீட்டு. பாதத்தைக் கணுக்காலில் மடக்கு, கால்விரல்கள் உன் முகத்தைப் பார்க்க வேண்டும். ஃபின் முனைகளை வெளிப்பக்கம் திருப்பு. இப்போது புறங்காலால் தண்ணீரைக் கொக்கி போட்டு உன் பக்கம் இழு. எல்லாம் கணுக்காலில்தான் இருக்கிறது, தொடையில் இல்லை.

சரியாகச் செய்கிறாயா என்று பார்க்க நம் பழைய சோதனைதான். மணலுக்கு ஒரு சாண் மேலே தவளை உதையில் பத்து மீட்டர் போ. திரும்பிப் பார். மணலில் கோடு இருக்கக் கூடாது. உன் வலது ஃபின் எப்போதும் கோடு போடும், எனக்குத் தெரியாதா? அந்தக் கால் சோம்பேறி, நீ அதற்குச் செல்லம் கொடுக்கிறாய். கனமான ஃபின்னை மாட்டினால் தானாக வழிக்கு வரும்.

பாப்பாவுக்கு ஒன்பது வயதாகிறது. அத்தை ஏன் வருவதில்லை என்று கேட்கிறாள். அத்தைக்குக் கோபம் என்று சொல்லியிருக்கிறேன்.

அண்ணன்


மார்ச் 4

அண்ணனுக்கு,

என்னை வாத்து என்று கூப்பிடுகிற உரிமையை நீ எப்போது இழந்தாய் என்று ஞாபகம் இருக்கிறதா? எனக்கு இருக்கிறது. உன் நீச்சல்குளம், பயிற்சியாளர் ஆவதற்கான தேர்வு, பன்னிரண்டு பேர் தண்ணீரில் நிற்கிறார்கள். நான் பின்னால் வர முயன்று ஒரு பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனேன். மேலே வந்து முகமூடியைக் கழற்றுவதற்குள் நீ ஆரம்பித்துவிட்டாய். “அஞ்சு வருஷமா சொல்லிக் குடுக்கறேன், உடம்பு வணங்க மாட்டேங்குது. காலும் சோம்பேறி, ஆளும் சோம்பேறி. என் தங்கச்சிங்கறதுக்காக பாஸ் போட்ருவேன்னு நெனப்பு.” ஒருவன் சிரித்தான். அவன் சிரித்ததைக்கூட நான் மறந்துவிட்டேன். நீ அவனைப் பார்த்துத் திருப்பிச் சிரித்ததை மறக்கவில்லை.

கோபம் என்று பாப்பாவிடம் சொன்னாயாமே. என்ன கோபம் என்றும் சொல்லியிருக்கலாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் ஃபின் செங்கல். ஆறு வாரமாகத் தினமும் வேலை முடிந்தபின் ஒரு மணி நேரம் பழகுகிறேன். தொட்டி மேலாளர் நல்ல மனிதர், கேட்டதும் அனுமதி கொடுத்தார். உள்ளங்கால் வளைவில் நரம்பு சுண்டி இழுத்து நாலு தடவை தண்ணீருக்குள்ளேயே காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு திருக்கைமீன் வந்து என்னை நலம் விசாரித்துவிட்டுப் போனது. உன்னைவிட அதற்குக் கரிசனம் அதிகம்.

கால்விரல்கள் முகத்தைப் பார்க்க மடக்கு என்கிறாய். மடக்குகிறேன். இடது மடங்குகிறது. வலது காலுக்கும் உத்தரவு போகிறது, நான் போடுகிறேன், அது எனக்குத் தெரியும். அது கேட்டுக்கொண்டு சும்மா தொங்குகிறது. பத்து மீட்டர் போய்த் திரும்பிப் பார்த்தால் கோடு. நேற்றும் கோடு, இன்றும் கோடு. ஆரம்பத்தில் விட்டு விட்டு விழுந்தது, இப்போது நீளமாகவே விழுகிறது.

வெளியிலும் எனக்குக் கொஞ்சம் சரியில்லை. படிக்கட்டில் இரண்டு தடவை இடறினேன். போன வாரம் தெருவில் நடந்துபோகும்போது பின்னால் வந்த ஒருவர், “ஏம்மா, செருப்பு வேண்டாமா?” என்று கூப்பிட்டார். வலது செருப்பு எப்போதோ கழன்று பின்னால் கிடக்கிறது, எனக்குத் தெரியவே இல்லை.

கனம் குறைந்தது ஏதாவது அனுப்பு. இன்னும் நான்கு மாதம்கூட இல்லை.

தங்கை


மார்ச் 17

வாத்துக்கு (உரிமை போனால் என்ன, பழக்கம் போகவில்லை),

இரண்டாவது பெட்டி. இது பாதி ரப்பர், பாதி பிளாஸ்டிக். கனம் முன்னதில் பாதிதான். பலகையின் இரு ஓரத்திலும் விளிம்பு இருப்பதால் தண்ணீர் பக்கவாட்டில் வழியாது. விறைப்பு நடுத்தரம். பலகை இதைவிட மெத்தென்று இருந்தால் பின்னால் வருவதற்குப் பிடிமானம் இருக்காது, சொல்லிவிட்டேன்.

அந்தத் தேர்வில் நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது என்று உன் அண்ணி மூன்று வருடமாகச் சொல்கிறாள். நானும் ஒத்துக்கொள்கிறேன், தொனி தப்பு. ஆனால் தீர்ப்பு தப்பில்லை. பின்னால் வரத் தெரியாத பயிற்சியாளரிடம் நான் யாருடைய பிள்ளையை ஒப்படைப்பேன்?

கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு பாதத்தை மடக்கிப் பழகு. ஒரு நாளைக்கு நூறு தடவை. வலிக்கிறது, தொங்குகிறது என்றெல்லாம் சாக்குச் சொல்லாதே. சாக்கு என்றதும் அப்பா ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன். அச்சகத்திலிருந்து அவர் வருவது தெருமுனையிலேயே கேட்குமே, டப், டப் என்று. செருப்பில் வேறெங்கும் தேயாது, முனை மட்டும் தேயும். ஏன் இப்படி நடக்கிறீர்கள் என்றால், “சின்ன வயசுல ஒரு காய்ச்சல் வந்துச்சுடா, அதுலருந்து கால் இப்படித்தான்” என்பார். நம் வீட்டில் சோம்பேறித்தனத்துக்கு எப்போதும் ஒரு காய்ச்சல் கையில் இருந்தது. இப்போது உனக்குச் செருப்பு கழன்று விழுகிறதாம்.

அப்பா பீற்றிக்கொண்ட அந்தக் காலடி ஞாபகம் இருக்கிறதா? ஈரக்காலோடு நடந்தால் குதிகால் ஒரு தீவு, விரல் பக்கம் ஒரு தீவு, நடுவில் ஒன்றும் பதியாது. ராஜ பரம்பரைக் கால் என்பார். போன ஞாயிற்றுக்கிழமை, நீச்சல் போட்டிக்குப் பழகிவிட்டு, பாப்பா குளத்திலிருந்து ஏறி ஓடினாள். பார்க்கிறேன், அச்சு அசல் அதே இரண்டு தீவுகள். பரம்பரை எங்கே போகும்!

அண்ணன்


ஏப்ரல் 29

அண்ணா,

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். ஐந்தாவது தடவை அதை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு நரம்பு மருத்துவரிடம் போனேன். நீ சிரித்துக்கொண்டே எழுதிய அந்தப் பத்திதான் என்னை அங்கே கொண்டுபோனது.

மருத்துவர் ஒரு வயதான அம்மா. என்னைக் குதிகாலில் மட்டும் ஊன்றி அறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடக்கச் சொன்னார். எளிது என்று நினைத்தேன். இரண்டு அடி வைத்தேன், வலது பாதத்தின் முன்பக்கம் தரையில் விழுந்தது. மூன்றாவது அடியில் இடதும் விழுந்தது. இடது காலும், அண்ணா. அது நல்ல கால் என்று எட்டு வருடமாக நாம் சொல்லிக்கொண்டிருந்தோம்.

“அப்பா அம்மா யாராச்சும் இப்படி நடப்பாங்களா?” என்று கேட்டார். செருப்பு முனை தேயும் என்றேன். “டப் டப்னு சத்தம் வருமா?” என்றார். அவர் நம் தெருவில் குடியிருந்ததுபோலக் கேட்டார். நான் அந்த நாற்காலியிலேயே அழுதேன். அதற்குப் பிறகு காலில் மின்சாரம் விட்டுப் பார்த்தார்கள், எந்த நரம்பில் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று. மெதுவாகப் போகிறது. மிக மெதுவாக.

நோய்க்கு அதைக் கண்டுபிடித்த மூன்று டாக்டர்களின் பெயரைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள், அது இருக்கட்டும். உயிருக்கு ஒன்றும் இல்லை. மருந்தும் இல்லை. பாதத்தைத் தூக்குகிற தசை முதலில் போகும், பிறகு முழங்காலுக்குக் கீழே மெல்ல மெல்ல மெலியும், பிறகு கைவிரல்கள். பத்து வருடமா இருபது வருடமா என்று யாராலும் சொல்ல முடியாது. அப்பாவுக்குக் காய்ச்சல் எதுவும் வரவில்லை. பாவம், அவருக்கே தெரியாமல் ஏதோ ஒரு காரணம் சொல்லிக்கொண்டிருந்தார், நாம் சிரித்துக்கொண்டிருந்தோம். அந்த இரண்டு தீவுக் காலடியும் பரம்பரைதான், நீ சொன்னது சரி. உள்ளங்கால் அப்படி வளைவதே இந்த நோயால்தானாம்.

நான் சோம்பேறி இல்லை அண்ணா. ஐந்து வருடம் உன் குளத்தில், மூன்று வருடம் உன் குரல் காதில் கேட்டுக்கொண்டே இங்கே. எட்டு வருடமாக ஒரு செத்துக்கொண்டிருக்கிற நரம்பைப் பார்த்து நீ கத்தியிருக்கிறாய், நானும் அதைத் திட்டியிருக்கிறேன். கனமான ஃபின் போட்டு வழிக்குக் கொண்டுவருகிற கால் இல்லையாம் இது. உள்ளதையும் களைப்பாக்கிவிடுமாம்.

பெற்றவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வருவது பாதிக்குப் பாதி என்றார். அப்பாவுக்கு இரண்டு பிள்ளைகள். “கூடப் பிறந்தவங்களையும் வந்து பாக்கச் சொல்லுங்க” என்றார். நீ இந்தக் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு குதிகாலில் நடந்து பார். அவ்வளவுதான். பத்து அடி.

எனக்கு ஜூன் வரை தண்ணீர் வேண்டும். ஜூனுக்குப் பிறகும் வேண்டும். என்னால் முடிகிற மாதிரி ஏதாவது இருந்தால் அனுப்பு.

தங்கை


மே 14

தங்கச்சிக்கு,

நாலு தாள் கிழித்தாகிவிட்டது. வேறொரு டாக்டரிடமும் காட்டு. ஒருவர் சொன்னால் முடிந்துவிட்டதா? இந்த மாதிரி விஷயத்தில் அவர்கள் பெரிய பெரிய பெயராகச் சொல்லிப் பயமுறுத்துவார்கள். எனக்கு ஒன்றும் இல்லை, எனக்கு நாற்பத்தொரு வயது, இப்போதும் வாரத்தில் ஐந்து நாள் தண்ணீரில் இருக்கிறேன். குதிகாலில் நடக்கவெல்லாம் இப்போது நேரமில்லை, புதிய பேட்ச் ஆரம்பித்திருக்கிறது.

மூன்றாவது பெட்டியில் இருப்பதும் ஒரு ஜோடிதான், ஆனால் இரண்டையும் மாட்டாதே. வலது காலுக்கு மட்டும் போடு. குளத்தில் பயிற்சிக்கு வைத்திருக்கிற குட்டையான மெத்தென்ற ஃபின், அதன் முனையில் இன்னும் இரண்டு விரல் அகலம் நானே அறுத்திருக்கிறேன். தொங்கினாலும் மணலைத் தொடாது. இடது காலுக்கு இரண்டாவது பெட்டியில் வந்த நடுத்தரம். வேலை முழுக்க இடது கால் செய்யட்டும். ஒரே காலால் இழுத்தால் உடம்பு ஒரு பக்கமாகச் சுற்றும். அதைத் தடுக்க வலது முழங்காலை மடக்கி இடுப்புக்குக் கீழே கொண்டுவந்து வைத்துக்கொள், இடது தோளைக் கொஞ்சம் இறக்கு. ஒரே இழுப்பில் வராதே. சின்னச் சின்னதாக எட்டு இழுப்பு. நான் குளத்தில் செய்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். கேட்கத் தெரியவில்லை. தேர்வு முடியட்டும்.

அண்ணன்


ஜூலை 2

அண்ணா,

தேர்வு முடிந்தது.

நீ சொன்ன மாதிரியே செய்தேன். மே கடைசியில் எட்டு இழுப்பில் ஒரு மீட்டர் வந்தேன், ஜூன் நடுவில் இரண்டு மீட்டர். அன்றைக்குச் சாயங்காலம் மேலே வந்து தொட்டி மேலாளரிடம், “சார், வந்துட்டேன் சார்!” என்று கத்தினேன். அவர் ஃபின்களைப் பார்த்துவிட்டு, “என்னம்மா, கால் ஒண்ணுக்கு ஒரு கம்பெனியா?” என்று கேட்டார். உன்னை அப்போது நேரில் பார்த்திருந்தால் மன்னித்திருப்பேன்.

தேர்வு காலை பதினோரு மணிக்கு. வெளியே ஒரு பள்ளிக்கூடமே வந்து நின்றது. துடைத்தேன். முதல் ஐந்து இழுப்பு சுத்தம், மணல் அசையவில்லை. ஆறாவது இழுப்பில் இடது பாதத்துக்கு உத்தரவு போட்டேன். அது மடங்கவில்லை. வலிக்கவில்லை, சுண்டி இழுக்கவில்லை, வெறுமனே வரவில்லை. வலது கால் முதன்முதலில் அப்படிச் செய்தபோது எப்படி இருந்ததோ அப்படியே. நான் பயந்துபோய் இரண்டு காலையும் மாற்றி மாற்றி அடித்தேன், முதல் நாள் வந்த சுற்றுலாப் பயணி அடிக்கிற மாதிரி. மணல் எழும்பியது. ஒன்றும் தெரியவில்லை. உடம்பு சுற்றியது. சிலிண்டரின் கழுத்து சுவரில் உரசுகிற சத்தம் தண்ணீருக்குள் எவ்வளவு பெரிதாகக் கேட்கும் தெரியுமா? பல்லில் கேட்டது.

சுவரில் என் முழங்கை நீளத்துக்கு ஒரு கோடு. கடைசியில் அங்கேயும் கோடு போட்டுவிட்டேன்.

யாரும் திட்டவில்லை. மேலாளர் துண்டை என் தோளில் போட்டு, “போதும்மா, நீ போராடினது போதும்” என்றார். அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். இப்போது என்னை மீன்களுக்குத் தீனி நறுக்குகிற அறையில் போட்டிருக்கிறார்கள். உட்கார்ந்து செய்கிற வேலை. கத்தியைப் பிடிக்கிற விரல்கள் இன்னும் கேட்கின்றன. சாப்பாட்டு நேரத்தில் அந்தச் சுவர்ப் பக்கம் போய் நிற்பேன். குழந்தைகள் கோட்டில் விரலை வைத்து இழுத்து விளையாடுகிறார்கள். உள்ளே வேறொரு பெண் துடைத்துக்கொண்டிருக்கிறாள். எவ்வளவு அழகாகப் பின்னால் வருகிறாள்!

இரண்டாவது டாக்டரையும் பார்த்துவிட்டேன். அதே மூன்று பெயர்கள்தான்.

மூன்று பெட்டிகளும் கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன. யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று நினைக்கிறேன். நீ குதிகாலில் நடந்தாயா?

தங்கை


ஆகஸ்ட் 19

தங்கச்சிக்கு,

குதிகாலில் நடக்கவில்லை. அதற்கு எனக்குத் தைரியம் இல்லை. எனக்குத் தெரிந்த சோதனையைச் செய்தேன்.

ஊருக்கு வெளியே நாங்கள் மாணவர்களை அழைத்துப்போகிற, தண்ணீர் நிரம்பிய கல்குவாரி உனக்குத் தெரியும். திங்கட்கிழமை அங்கே யாரும் வர மாட்டார்கள். தனியாக இறங்காதே என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன் தனியாக இறங்கினேன். அடியில் வண்டல் வழவழவென்று கிடந்தது, ஒரு தடமும் இல்லை. ஒரு சாண் உயரத்தில் நின்று, தவளை உதையில் பத்து மீட்டர் போனேன். என் உதையைப் பற்றி உனக்குத் தெரியும், வீடியோ எடுத்து வகுப்பில் போடுகிறார்கள். திரும்புவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் அப்படியே மிதந்தேன். சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் புரிந்தது.

திரும்பிப் பார்த்தேன். கோடு இருந்தது. மெல்லியதுதான், விட்டு விட்டுத்தான் இருந்தது. வலது பக்கம்.

இனி நான் சொல்லப்போவதைப் படித்துவிட்டு நீ என்னை மறுபடி தடுத்து வைத்தாலும் சரி. மே மாதம் கேட்கத் தெரியவில்லை என்று எழுதினேனே, மன்னிப்பைத்தான். பின்னால் வரும் உதையை நான் வகுப்பில் செய்து காட்டி நான்கு வருடம் ஆகிறது. மாணவர்களில் கெட்டிக்காரன் ஒருவனைக் கூப்பிட்டு, “நீ செஞ்சு காட்டு, நான் வெளக்கறேன்” என்பேன். முழங்காலில் ஏதோ, வயசாகிறது என்று சொல்லிக்கொண்டேன். உன்னைப் பன்னிரண்டு பேர் முன்னால் சோம்பேறி என்று சொன்ன அன்றைக்கும் என்னால் அந்த உதையைச் சரியாகப் போட முடிந்திருக்காது. உன் கால் தொங்குவதைப் பார்த்தபோது எனக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்று இப்போதுதான் புரிகிறது. உனக்குச் செய்ததற்கு மன்னிப்புக் கேட்கிறேன். மே மாதம் அந்த ஒற்றைக்கால் உபாயத்தைக் குளத்தில் செய்து பார்த்தேன் என்றேனே, அப்போதே வலது கால் என்னிடம் சொல்லிவிட்டது. நான்தான் கேட்காத மாதிரி இருந்தேன்.

டாக்டர் அடுத்த வாரம். போகிறேன். ஆனால் அவர் என்ன சொல்வார் என்று எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும்.

அந்தப் பெட்டிகளை யாருக்கும் கொடுத்துவிடாதே. எனக்கு அனுப்பு. நமக்குத்தான் ஒரே அளவு ஆயிற்றே. முதல் ஜோடியிலிருந்து கடைசி ஜோடிவரை, நான் உனக்கு அனுப்பிய வரிசையிலேயே எனக்கும் தேவைப்படும். நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் காய வைத்து அனுப்பு. முனையை ஊன்றி நிற்க வைக்காதே, பலகை வளைந்துவிடும், அப்புறம் யாருக்கும் உதவாது. எனக்குப் பிறகும் அவை உதவ வேண்டியிருக்கலாம். நேற்று பாப்பா குளத்திலிருந்து ஏறி ஓடினாள். நான் தரையைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தேன், முடியவில்லை.

உன் அண்ணியிடம் இன்னும் சொல்லவில்லை.

அண்ணன்


செப்டம்பர் 5

அண்ணா,

முதல் பெட்டியை மட்டும் அனுப்புகிறேன், அந்தச் செங்கல்லை. அலசிக் காய வைத்திருக்கிறேன். அதை மாட்டிக்கொண்டு பழகாதே, வேலைக்கு மட்டும் போடு. மற்ற இரண்டையும் நீ கேட்கும்போது அனுப்புவேன். நீ கேட்காத ஒவ்வொரு மாதமும் எனக்கு நல்ல மாதம்.

மன்னித்தேனா என்று நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. உன் நம்பரைத் திறந்துவிட்டேன். ஆனால் கொஞ்ச நாளைக்குக் கூப்பிடாதே. குரல் கேட்டால் நான் அழுவேன், நீயும் அழுவாய், ஒருவருக்கும் ஒன்றும் ஆகப்போவதில்லை. கடிதமே போடு.

டாக்டர் என்ன சொன்னார் என்று எழுத வேண்டாம். அண்ணியிடம் சொல். அவள் உன்னைவிடத் தைரியசாலி.

எனக்கு இங்கே முழங்காலுக்குக் கீழே மாட்டிக்கொள்கிற ஒரு பட்டை கொடுத்திருக்கிறார்கள். பாதத்தை அது தூக்கிப் பிடிக்கிறது, டப் டப் சத்தம் குறைந்திருக்கிறது. நேற்று தீனி நறுக்கும்போது கத்தி ஒரு தடவை கையிலிருந்து நழுவியது. மீனின் வழவழப்பு என்று சொல்லிக்கொண்டேன். அப்பா காய்ச்சல் என்றார், நீ முழங்கால் என்றாய், நான் மீன் என்கிறேன்.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். பாப்பாவைப் போட்டிக்குத் தயார் செய்கிறாய் என்று தெரியும். இந்த வருடமோ, இன்னும் நாலு வருடம் கழித்தோ, ஒரு நாள் அவள் தண்ணீரில் நீ சொன்னபடி உதைப்பாள், ஒரு கால் மட்டும் கேட்காது. நீ குளத்து ஓரத்தில் நின்றுகொண்டிருப்பாய். உனக்குக் கோபம் வரும், அது ஏன் வருகிறது என்று இப்போது உனக்குத் தெரியும். அவள் மேலே வந்து முகமூடியைக் கழற்றி உன் முகத்தைத்தான் முதலில் பார்ப்பாள்.

அவளைத் திட்டாதே அண்ணா.

தங்கை